சும்மா ஒரு கயிறு

வசந்தா, இளங்கோ, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒருவர் படித்துவிட்டு மற்றவரிடம் கொடுங்கள். என் முன்னால் உட்கார்ந்து படிக்க வேண்டாம்.

போன மாதம் தெம்பனிஸ் வீட்டில் நான் போட்ட கூச்சலை மறந்திருக்க மாட்டீர்கள். பேரனைக் குளிப்பாட்டிய ஈரத்தில் அரைஞாண் கயிறு ஊறி, இடுப்பில் சிவந்து தடித்திருந்தது. இளங்கோ கத்தரிக்கோலை எடுத்தான். அவிழ்த்து எடுடா என்றேன். "முடிச்சு இறுகிப்போச்சுப்பா. சும்மா கயிறுதானே" என்றான். எனக்கு என்ன வந்ததோ, எழுந்து போய்க் கத்தரிக்கோலைப் பிடுங்கிக் கத்தினேன். குழந்தை வீறிட்டு அழுதது. மருமகள் அவனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இறங்கிப்போய் சிமெண்டு பெஞ்சில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வசந்தாதான் வந்து கூப்பிட்டாள். "வாங்கப்பா, அண்ணன் சாரி சொல்றான். அத்தன வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தவங்க, நீங்களே நம்பிக்கை கிம்பிக்கைன்னு கத்தினா எப்படிலா?"

நம்பிக்கை இல்லையம்மா. புண்ணாகிறது என்றால் கயிற்றை எடுக்கத்தான் வேண்டும். இளங்கோ மேல் ஒரு குற்றமும் கிடையாது. அவன் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தைதான் என்னைத் தூக்கிப்போட்டது. அது என்னுடைய வார்த்தை. அவன் பிறப்பதற்கு முன்பே நான் சொன்னது, அதுவும் இங்கிலீஷில். அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதினால் ஒருவேளை வரும்.

நான் என்ன வேலை செய்தேன் என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது. 'அப்பா ஆஸ்பத்திரியில்' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பீர்கள். நான் தியேட்டர் அட்டெண்டன்ட். டாக்டருக்கும் நர்சுக்கும் கீழே, தரை துடைப்பவருக்குக் கொஞ்சம் மேலே. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்தேன். பிறகு சாயங்கால வகுப்பில் கொஞ்சம் இங்கிலீஷ். ஐம்பதுகளின் நடுவில் அந்த வேலை கிடைத்தபோது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இப்போது லிட்டில் இந்தியா என்கிறீர்களே, எங்களுக்கு அது தேக்கா. அங்கே ஒரு கடைவீட்டின் மாடியறையில் இருந்து காலையில் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

வேலை கற்றுக்கொண்டது பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் வருஷம் பார்த்தேன், அடுத்த வருஷம் கை வைத்தேன். காலையில் போனதும் தரையையும் மேசையையும் லைசால் விட்டுத் துடைக்க வேண்டும். துணிகளை மடித்து டிரம்மில் அடுக்கி, கிருமி சாக ஆவிக்கு அனுப்ப வேண்டும். ரப்பர் கையுறைகளை அப்போதெல்லாம் தூக்கி எறிய மாட்டார்கள். கழுவி, ஒவ்வொன்றிலும் காற்றைப் பிடித்துக் கன்னத்தருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் கன்னத்தில் மெல்லியதாய்க் காற்று படும். ஒட்டுப் போட்டு, பவுடர் தடவி, ஜோடி சேர்த்து வைப்பேன். இளம் டாக்டர்கள் காத்திருக்கும் நேரத்தில் மிச்ச நூலை அலமாரிக் கைப்பிடியில் கட்டி ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டுப் பழகுவார்கள். பார்த்துப் பார்த்து அந்த முடிச்சு எனக்கும் வந்துவிட்டது.

என் முக்கியமான வேலை, நோயாளியைத் தயார் செய்வது. ஆண்களை மட்டும்தான். மழித்து, கார்பாலிக் சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட் தடவி, வெள்ளைத் துணி சுற்றி உள்ளே தள்ள வேண்டும். உடம்பில் உடம்பைத் தவிர வேறொன்றும் இருக்கக்கூடாது என்பது தியேட்டர் சிஸ்டரின், அதாவது தலைமை நர்சின், சட்டம். அவர் யூரேசியப் பெண்மணி, நல்ல உயரம், நடந்தால் கஞ்சி போட்ட உடை சரசரக்கும். பல்செட், கைக்கடிகாரம், தாயத்து எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டு வார்டுக்கு அனுப்புவோம். ஒரே ஒரு விலக்கு உண்டு. வெள்ளைக்காரப் பெண்கள் கல்யாண மோதிரத்தைக் கழற்ற மாட்டார்கள். அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி விட்டுவிடுவோம். பிறகு நம் பெண்களின் தாலிக்கும் அதே வழி வந்தது. யாரோ ஒரு பெண் அழுதாளாம், நர்ஸ் போய்ச் சிஸ்டரிடம் சொன்னாளாம், சிஸ்டர் சரி என்றாராம். கேட்டால் கிடைக்கிற இடம்தான் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சேர்ந்த வாரம், உடை மாற்றும் அறையில் சட்டையைக் கழற்றினேன். என் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு இருந்தது. கூட வேலை பார்த்த ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "சாமி, ஆட்டைக் கட்டுவதற்கா?" என்று மலாயில் கேட்டான். சாமிநாதன் என்ற பெயரை அங்கே எல்லாரும் சாமி என்று சுருக்கிவிட்டார்கள். அவன் கெட்டவன் இல்லை, வேடிக்கைக்குக் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாள் அதை அவிழ்த்து, ரத்தத் துணி போடும் வாளியில் போட்டேன். உங்கள் அம்மா கேட்டபோது அறுந்து விழுந்துவிட்டது என்றேன். அவள் புதிதாக ஒன்று வாங்கி வந்து தலையணைக்குக் கீழே வைத்தாள். நான் கட்டவில்லை. கொஞ்ச நாளில் அதுவும் அங்கே இல்லை. அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள், முதல்முறையாக ஒரு தமிழ் ஆளை நான் தயார் செய்துகொண்டிருந்தபோது, சிஸ்டர் எட்டிப் பார்த்து அவர் இடுப்பைக் காட்டினார். "சாமி, இது என்ன? மதச் சம்பந்தமானதா?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்போது நான் சொல்லியிருக்கலாம். அந்த ஆளின் தலையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது, பல்லில் வெற்றிலைக் கறை, காலில் சேற்று வெடிப்பு. அவரும் நானும் ஒரே ஜாதி மனிதர்கள் என்று சிஸ்டர் நினைத்துவிடப் போகிறாரே என்று எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சும்மா ஒரு கயிறு, சிஸ்டர். படிக்காதவர்கள் கட்டுவது" என்றேன்.

"அப்படியானால் அறுத்துவிடு" என்றார்.

அன்றிலிருந்து அறுத்தேன். எத்தனை பேருக்கு என்று எனக்கே தெரியாது. சிலர் மயக்கத்தில் இருப்பார்கள், சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள், சிலர் கெஞ்சுவார்கள். "டாக்டர் ஆர்டர்" என்பேன். அந்த இரண்டு சொல்லுக்குமேல் யாரும் பேச மாட்டார்கள்.

நீங்கள் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்கள், சாவு வீட்டில் முன்வரிசையில் நின்றிருக்க மாட்டீர்கள். ஆண்பிள்ளைக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போது கட்டுகிற கயிறு அது. பழசானால் புதிதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை எடுப்போம். இடுப்பு ஒரு நொடிகூட வெறுமையாக இருக்காது. அதை அறுப்பது ஒரே ஒரு முறைதான். ஆள் போன பிறகு, சிதையில் வைப்பதற்கு முன்னால். எனக்கு இது தெரியாதா? என் தகப்பனாருக்கு அறுத்தபோது பக்கத்தில் நின்றவன் நான்.

இனி டாக்டர் சியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தியேட்டரின் சர்ஜன், சீனர், மெலிந்த ஆள், கத்தவே மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும். நோயாளியின் வயிற்றைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நன்றாகத் தேய்ப்பார். ஒருமுறை ஒரு இளம் டாக்டர் அவசரத்தில் அப்படியே கையை வைத்தார். நோயாளி வயிற்றை இறுக்கிக்கொண்டான். டாக்டர் சியா அந்தப் பையனின் மணிக்கட்டைப் பிடித்து எடுத்துவிட்டு, "குளிர்ந்த கையை வைத்தால் வயிறு உனக்குப் பதில் சொல்லாது" என்றார். கையைத் தேய்க்க வைத்தார், மறுபடி வைக்கச் சொன்னார். அந்தப் பையன் பிறகு பெரிய சர்ஜன் ஆனான். கடைசிவரை கையைத் தேய்த்துவிட்டுத்தான் வைப்பான்.

டாக்டர் சியாவுக்குத் தமிழ் தெரியாது. மலாயில் "சாக்கிட்?" என்று வலியைக் கேட்பார். அதற்குமேல் தமிழ் ஆட்களிடம் ஏதாவது பேச வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார். அவர் வார்த்தை என் வாய் வழியாகப் போகும், அவர்கள் வார்த்தை என் வாய் வழியாக வரும். எனக்கு அதில் பெருமை அதிகம். தேக்காவில் நடக்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஒரு காலை, அவசர கேஸ் என்று சொல்லி ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பார்த்தால் எங்கள் வீட்டுப் பால்காரர் சின்னையா அண்ணன். மனைவி பாக்கியம் அக்காவோடு பொத்தோங் பாசிர் பக்கம் மாட்டுக்கொட்டகை வைத்திருந்தார். சைக்கிளில் இரண்டு பக்கமும் பெரிய பால் கேன்களை மாட்டிக்கொண்டு சிராங்கூன் ரோடு முழுக்கச் சுற்றுவார். வசந்தா, நீ குடித்து வளர்ந்தது அவருடைய பால்தான். கேன் தூக்கித் தூக்கி அவருக்குக் குடல் இறங்கியிருந்தது. வருஷக்கணக்காகக் கோவணத்தை இறுக்கிக் கட்டிச் சமாளித்திருக்கிறார். அன்று விடியற்காலையில் இறங்கின குடல் திரும்பி உள்ளே போகவில்லை. அடிவயிற்றில் கல் மாதிரி கட்டி, ஓயாத வாந்தி.

டாக்டர் சியா வந்து, கையைத் தேய்த்து, வயிற்றில் வைத்தார். "சாக்கிட்?" என்றார். சின்னையா அண்ணன் தலையாட்டினார். டாக்டர் கட்டியை ஒரு விரலால் மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, "குடல் நெரிபடுகிறது, உடனே" என்று சொல்லிக் கை கழுவப் போனார்.

நான் சவரக் கத்தியை எடுத்தேன். அந்த வலியிலும் அந்த மனிதருக்கு வாய் அடங்கவில்லை.

"ஏன் தம்பி, சவரம் பண்ற முகம் மேலலா இருக்கு. வழி தெரியாம கீழ வந்துட்டியா?"

"பேசாம இருங்கண்ணே. கத்தி பட்டுடும்."

"பட்டா பட்டுட்டுப் போவுது. பாலுல தண்ணின்னு பாக்குற எடத்துலல்லாம் சொன்னியே, அதுக்குப் பழி வாங்குறியோ?"

"தண்ணி இல்லியா பின்ன?"

"மாடு தண்ணி குடிக்குது. அதுக்கு நான் என்ன பண்றது?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததும் வலி தாங்காமல் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கழுவி முடித்தேன். அவர் இடுப்பில் சிவப்புக் கயிறு, வியர்வையில் கறுத்துப்போய், கட்டிக்குச் சற்று மேலேயே கிடந்தது. இடக்கையால் அதைத் தூக்கிக் கத்தரிக்கோலை உள்ளே கொடுத்தேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். பால் கறக்கிற கை, இரும்பு மாதிரி.

"தம்பி, என்ன பண்ற?"

"அறுக்கணும்ணே. உள்ள எதுவும் இருக்கக்கூடாது."

"இத எப்ப அறுப்பாங்கன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமா கத்தரிய எடுத்த?" அவர் குரலில் விளையாட்டு போய்விட்டது. "புதுசு ஒண்ணு கட்டிட்டு இத எடுத்துக்க. பாக்கியம் வெளியிலதான் நிக்கிறா. ஓடிப்போயி வாங்கிட்டு வந்துருவா."

"அதுக்கெல்லாம் நேரமில்லண்ணே."

"அப்ப மேல ஏத்தி விடு. நெஞ்சு வரைக்கும் ஏத்தி என்னத்தையாவது வச்சுக் கட்டிவிடு. கயிறுதானே, ஏறாதா?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போனேன். டாக்டர் சியா முழங்கைவரை நுரையோடு நின்றார். சிஸ்டர் பக்கத்தில் கவுனை விரித்துப் பிடித்திருந்தார்.

"சாமி, ஏன் தாமதம்?"

"இடுப்பில் ஒரு கயிறு, சார். எடுக்க விடமாட்டேன் என்கிறார். பழைய மூட நம்பிக்கை."

"மறுபடியும் அந்தக் கயிறா!" என்று சிஸ்டர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. நகத்துக்கு அடியில் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "அவருக்கு ஏதாவது வேண்டுமா?"

வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கு ஏதாவது வேண்டுமா என்றுதான் கேட்டார்.

"ஒன்றுமில்லை, சார். நான் பார்த்துக்கொள்கிறேன்."

திரும்பி உள்ளே வந்தேன். கயிற்றை மேலே ஏற்றிவிட்டுத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அப்படிப் போனால் சிஸ்டர் பார்ப்பார். இத்தனை நாள் சும்மா கயிறு என்று சொன்னவன் இன்று ஏன் ஏற்றிக் கட்டினான் என்று கேட்பார். எங்களுக்குள் அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று நான் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிவரும். அதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு நான் இதைச் சொன்னேன்:

"அண்ணே, டாக்டர் கோவப்படுறாரு. கயிறு இருந்தா கத்தியையே தொடமாட்டாராம்."

"அவரா சொன்னாரு?"

"ஆமாண்ணே."

என் மணிக்கட்டை விட்டார். "அவரு சீனரு, அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்லா" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அறு. பாக்கியத்துக்கிட்ட மட்டும் சொல்லாத."

அறுத்தேன். மழித்த மயிரோடு அதையும் வாளியில் போட்டேன். உள்ளே கொண்டுபோய் மேசையில் படுக்க வைத்து, மயக்கம் கொடுக்கும் ஈதர் முகமூடியை வைக்கும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்கள் ஈதர் நெடிக்குத் திமிறுவார்கள். அவர் திமிறவில்லை.

டாக்டர் தொடைச்சந்துக்கு மேலே கீறினார். கட்டியைத் திறந்ததும் கலங்கிய நீர் வந்தது, அதற்குள் ஒரு வளையம் குடல். நாவல்பழ நிறம், பளபளப்பே இல்லை. அதன் கழுத்தைச் சுற்றி இறுகிக் கிடந்த தசையை டாக்டர் விரல் நுனியில் தேடி, விரலைக் காவலாக வைத்துக்கொண்டே வெட்டி விட்டார். பிடி தளர்ந்தது. ஆனால் குடல் கறுப்பாகத்தான் இருந்தது. உயிர் இருந்தால் உள்ளே தள்ளித் தைக்கலாம். செத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்க்க வேண்டும். அந்தக் காலத்தில் அப்படிச் சேர்த்தவர்கள் எல்லாரும் பிழைக்கவில்லை.

"வெந்நீர்த் துணி" என்றார். உப்புநீரைச் சூடாக்கி எடுத்து வருவது என் வேலை. சிஸ்டர் அதில் துணியை நனைத்துப் பிழிந்து கொடுக்க, டாக்டர் குடலைச் சுற்றி வைத்து மூடினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். உதவிக்கு நின்ற இளம் டாக்டர் பொறுக்காமல், "வெட்டிவிடலாமா, சார்?" என்றார். "அதைக் கேட்டுப் பார்ப்போம்" என்றார் டாக்டர் சியா. குடலைத்தான் சொன்னார்.

துணியை எடுத்துப் பார்த்தார். கறுப்பு. மறுபடி சூடாக்கி வரச் சொன்னார். நான் பாத்திரத்தைக் கொண்டுவரும்போது நீர் தரையில் சிந்தியது. சிஸ்டர் என்னை முறைத்தார். இவர் செத்துப்போனால் இவருக்குச் செய்ய வேண்டியதை நான் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டேன் என்ற நினைப்பு தவிர எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. இடுப்பு வெறுமையாகக் கிடந்தது. அயோடின் மஞ்சளில், கயிறு கிடந்த தடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

மறுபடி துணியை எடுத்தார். ஓரத்தில் மெல்லிய சிவப்பு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஊர்ந்து பரவியது. டாக்டர் விரலால் லேசாகச் சுண்டினார். குடல் மண்புழு மாதிரி நெளிந்தது. "நல்லது" என்று சொல்லி உள்ளே தள்ளி, தைக்க ஆரம்பித்தார். முகமூடிக்குள் நான் அழுதேன். வியர்வை என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் யாருக்கும் சொல்லாமலே போய்ச் சேர்ந்திருப்பேன்.

காயம் நன்றாக ஆறியது. காய்ச்சல் இல்லை, வயிறு இளகியிருந்தது. ஆனால் சின்னையா அண்ணன் வாய் திறக்கவில்லை. பேசவில்லை, பார்லித் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கொடுத்தால் வாயோரம் வழிய விட்டுவிடுவார். கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். நர்சுகள் வந்து எழுப்பி உட்கார வைத்தால் உட்காருவார், விட்டால் சரிவார். ஊசியில் நீர் ஏற்றினார்கள். "எனக்குப் புரியவில்லை" என்று டாக்டர் சியா சொன்னதை முதல் தடவையாகக் கேட்டேன்.

பாக்கியம் அக்கா தினமும் வந்து காலடியில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கணவருக்கு உடம்பு துடைத்துவிடப் போர்வையை விலக்கியிருக்கிறார். நான் டாக்டருக்குப் பேச்சு மாற்றிச் சொல்வதற்காக வார்டுக்குள் நுழைந்த நேரம், அக்காவின் ஓலம் கேட்டது. "ஐயோ, யாரு அறுத்தா? உசுரோட இருக்கையிலயே அறுத்துப்புட்டீங்களே!" பக்கத்துக் கட்டில்களில் இருந்த தமிழ் ஆட்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் இரண்டொருவருக்கு நானே அறுத்திருந்தேன்.

டாக்டரைக் கண்டதும் அக்கா கும்பிட்ட கையோடு வந்து நின்றார். "டாக்டரையா, எம் புருசன் என்ன பொணமா? கயிறு இருந்தா தொடமாட்டேன்னீங்களாமே. ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கக்கூடாதா?" அக்காவின் ஓலத்தைக் கேட்டுத்தான் சின்னையா அண்ணன் வாய் திறந்து அதை மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறார் போல.

"என்ன சொல்கிறார்?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"கவலைப்படுகிறார், சார்."

டாக்டர் அக்காவின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குரல் இறங்கியது. "சாமி, ஒவ்வொரு வார்த்தையும்."

சொன்னேன். அந்தக் கயிறு என்ன, அதை எப்போது அறுப்பார்கள், அவர் பெயரைச் சொல்லி என்ன சொல்லப்பட்டது என்று எல்லாவற்றையும் என் அரைகுறை இங்கிலீஷில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. வார்டே கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு வாக்கியம் போதும்.

"அவர்களிடம் சொல்" என்றார். "என் தியேட்டரில் நடந்தது. நான் வருத்தப்படுகிறேன். மன்னிக்கச் சொல்கிறேன்."

அதை நான் தமிழில் சொன்னேன். "டாக்டர் மன்னிப்புக் கேக்கிறாரு" என்றேன். நான் செய்ததற்கு அவர் கேட்ட மன்னிப்பை என் வாயாலேயே எடுத்துக் கொடுத்தேன். என் பங்காக ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. சின்னையா அண்ணன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இப்போது என்ன செய்யலாம் என்று கேள்" என்றார் டாக்டர்.

கேட்டேன். அக்கா மடியிலிருந்து ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்தார். பழசு இற்றுப்போயிருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளட்டும் என்று ஆஸ்பத்திரிக்கு வந்த முதல்நாளே வாங்கி வைத்தாராம்.

டாக்டர் சியா உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். சின்னையா அண்ணனின் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்து மெல்லத் தூக்கினார். அக்கா கயிற்றை அடியில் நுழைக்கப் பார்த்தார். அந்தப் பக்கம் எட்டவில்லை. நான் கட்டிலைச் சுற்றிப் போய், வாங்கிக் கொடுப்பதற்காகக் கையை நீட்டினேன்.

"நீ தொடாத."

அத்தனை நாள் பேசாதவர், டாக்டர் கையில் சாய்ந்துகொண்டே என்னிடம் பேசிய வார்த்தை அதுதான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"என்ன சொல்கிறார்?" என்றார் டாக்டர்.

"நான் அவரைத் தொடக்கூடாது என்கிறார், சார்."

அந்த ஒன்றை மட்டும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மாற்றிச் சொன்னேன். டாக்டர் தலையசைத்துவிட்டு, ஒரு கையால் அவரைத் தாங்கி, மறு கையால் கயிற்றின் முனையை வாங்கி அக்காவிடம் கொடுத்தார். அக்கா கட்டுக்கு மேலே முடிச்சுப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்லித் தண்ணீரை எடுத்து வாயில் வைத்தார். சின்னையா அண்ணன் விழுங்கினார்.

வெளியே வராந்தாவில் குழாயடியில் டாக்டர் கை கழுவினார். "உன்னை நான் கேட்டேன், சாமி" என்றார். "ஆமாம், சார்" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு, "மோதிரத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டுகிறோம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அதைப்பற்றி அவர் பேசியதில்லை. சின்னையா அண்ணன் பிழைத்து வீடு திரும்பினார். கேன் தூக்கக்கூடாது என்று அவர் தம்பி பால் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுப் பால் ஒருநாள்கூட நிற்கவில்லை, அளவும் குறையவில்லை. வழியில் பார்த்தால் சின்னையா அண்ணன் உங்கள் அம்மாவிடம் நலம் விசாரிப்பார். என்னிடம் பேச மாட்டார். கடைசிவரை பேசவில்லை.

வார்டில் அது நடந்த மறுநாள், யாரும் வருவதற்கு முன்னால் தியேட்டருக்குப் போய்விட்டேன். வழியில் பூக்கடைக்காரர் அப்போதுதான் கடை திறந்துகொண்டிருந்தார். அவரிடம் ஒரு கறுப்புக் கயிறு வாங்கிப் பையில் வைத்திருந்தேன். தயார் செய்யும் அறையில் சட்டையைக் கழற்றிவிட்டு அதை இடுப்பில் கட்டினேன். அலமாரிக் கைப்பிடியில் பார்த்துக் கற்ற அந்த முடிச்சு சரியாக விழுந்தது. பிறகு, நோயாளிகளைத் தள்ளும் வண்டியில் நானே ஏறிப் படுத்தேன். கயிற்றை இரண்டு கையாலும் மேலே ஏற்றினேன். ஏறியது. நெஞ்செலும்புக்குக் கீழே கொண்டுவந்து, மேலே காஸ் துணியை மடித்து வைத்து, குறுக்கே பிளாஸ்திரி ஒட்டினேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அடிவயிறு முழுக்கத் துடைத்தேன், சில்லென்றது. இடப்பக்கம் புரண்டேன், வலப்பக்கம் புரண்டேன். எழுந்து உட்கார்ந்து மறுபடி படுத்தேன். கயிறு நகரவில்லை.

விளக்கைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். வராந்தாவில் சிஸ்டரின் உடை சரசரக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து, பிளாஸ்திரியை உரித்தேன். கயிற்றை அவிழ்க்கவில்லை.